ராயபுரம் வீட்டுக் குழு: மான் சீசன் மொத நாள்

நவம்பர், சனிக்கிழமை

மாலை 4:15
அண்ணன்: மா, இங்க அமெரிக்காவுல விடிகாலை 4:45. கெளம்பிட்டேன். இன்னிலேருந்து ஒம்பது நாள் துப்பாக்கி சீசன், மானைச் சுட கவர்மெண்ட்டே அனுமதிக்கற நாளு. போனை சைலண்ட்ல போட்டுடுவேன். மதியம் கூடாரத்துக்கு வந்ததும் பேசறேன்.

4:16
அம்மா: குளிருக்கு நல்லா போத்திக்கினியா

4:18
அண்ணன்: மைனஸ் 6 மா. மூணு சட்டை, அதுக்கு மேல ஆரஞ்சு கோட்டு. ஆரஞ்சு இல்லன்னா பளீர் பிங்க், ரெண்டுல ஒண்ணு போடாம காட்டுல கால் வெக்கக்கூடாது, இந்த விஸ்கான்சின் மாநிலத்து சட்டம். மனுஷனுக்கு தூரத்துலயே தெரியும். மான் கண்ணுக்கு அந்தக் கலர் அவ்ளோ எடுப்பா தெரியாது.

4:25
சின்ன மாமா: மாப்ள, நெசமாவே மானைச் சுடப் போறியா?

4:26
அம்மா: போன வாரமே கேட்டு அழுதுட்டேன். கேக்கல.

4:31
பெரம்பூர் சித்தி: மான் பாவம்டா. கண்ணப் பாத்தா எப்படிடா கை வரும்

4:40
நான்: சித்தி, அண்ணன் போனை வெச்சுட்டாரு. எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. ஆனா இந்த வருஷம் பூரா அண்ணன் சனிக்கிழமை சனிக்கிழமை அந்த நெலத்துல என்ன வேலை செஞ்சாருன்னு பாத்துக்கினு இருந்தவ நான். துப்பாக்கி எடுக்கறது ஒம்பது நாள். மத்த நாளெல்லாம் மம்முட்டி, ரம்பம், விதை.

4:44
பெரம்பூர் சித்தி: யார் நெலம் அது

4:47
நான்: அண்ணன் கூட வேலை செய்ற ஒரு பெரியவரோடது. விஸ்கான்சின்ல 40 ஏக்கர். பாதி காடு, பாதி பழைய மேய்ச்சல் நெலம். அவருக்கு முட்டி வலி. அண்ணன் உழைப்பு தர்றாரு, அவரு எடம் தர்றாரு.

5:02
சின்ன மாமா: கல்மண்டபத்துல முட்டிவரைக்கும் தண்ணி நிக்குது. சாயங்காலம் யாரும் அந்தப் பக்கம் வராதீங்க.

5:03
அம்மா: இங்கயும் தூறிக்கினே கீது

5:20
மாமா பையன்: அக்கா, ஒரு சந்தேகம். ஊத்துக்கோட்டை தாண்டி எங்க ஃப்ரெண்ட் மாமனாருக்கு தோட்டம் இருக்கு. ராத்திரில புள்ளிமான் வருதாம். அண்ணன் மாதிரி நாமளும் புல்லு வெதச்சு வரவழைச்சா?

5:28
நான்: வேணாம்டா. இங்க கதையே வேற. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைன்னா சுடறது மட்டும் இல்ல. கண்ணி வெக்கறது, தொரத்தறது, இரை போட்டு இழுக்கறது, அதுக்கு முயற்சி பண்றது, எல்லாமே வேட்டைக் கணக்குதான். ஜெயில். உங்க ஃப்ரெண்டுகிட்டயும் சொல்லு. மான் பயிரை மேயுதுன்னா வனத்துறைல எழுதிக் குடுக்கணும், தானா எதையும் பண்ணக்கூடாது.

5:30
மாமா பையன்: சுடறதுக்கு இல்லக்கா, பாக்கறதுக்குத்தான்

5:36
நான்: பாக்கணும்னா கிண்டிக்கு வா. 2.7 சதுர கிலோமீட்டர்தான் அந்தக் காடு, ஊருக்கு நடுவுல. புள்ளிமானும் இருக்கு, வெளிமானும் இருக்கு. சின்ன வயசுல நைனா நம்மள எல்லாம் ரயில்ல கூட்டினு போவாரே. வேலிக்குள்ள கைய விட்டு தீனி குடுத்தோம். இப்ப நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு. அந்த மாதிரி உள்ள போற கவரெல்லாம் வயித்துல அடைச்சு மான் செத்துப்போயிருக்கு. தீனி குடுக்கறது அன்புன்னு நெனச்சோம்.

6:10
நைனா: குரல் செய்தி, 3 நிமிஷம்

6:22
பெரம்பூர் சித்தி: நான் பஸ்ல கீறேன், கேக்கல. பாப்பா, நைனா இன்னா சொன்னாரு?

6:41
நான்: அப்படியே எழுதறேன் சித்தி:

"தொ பாருங்க. மூணு நாளா கடலுக்குப் போவாதன்னு சொல்லி, படகு காசிமேட்டுல கட்டிக் கெடக்குது. சும்மா குந்திகினு நீங்க பேசறத கேட்டுகினு கீறேன். தம்பி பண்றது எனக்குப் புரியுது. நாங்க இன்னா பண்ணுவோம்? வெறும் மணல் தரைல மீன் நிக்காது. ஒதுங்க எடம் வோணும். எங்கப்பன் காலத்துல மரக்கிளை, தென்ன ஓலை, எல்லாத்தையும் கல்லு கட்டி கடல்ல எறக்குவாங்க. கொஞ்ச நாள்ல பாசி புடிக்கும். பாசிக்கு சின்ன மீனு வரும். சின்னதுக்கு பெருசு வரும். எங்க எறக்குனோம்னு கரைல கீற கோபுரத்தையும் பனமரத்தையும் நேர் வெச்சு மனசுல வெச்சுப்பாங்க. இப்ப கவர்மெண்ட்டே சிமெண்ட்டுல திட்டு பண்ணி கடல்ல போடுது. அப்பால மீன் குஞ்சு பொரிக்கற நேரத்துல வுட்டுடணும். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரிக்கும் 61 நாளு விசைப்படகு போவாது. அந்த 61 நாளு அடுப்பு எரியறது கஷ்டம்தான். ஆனா வுட்டாத்தான் அப்பால மீனு. எடத்த குடுக்கணும், நேரத்த குடுக்கணும், அப்பறம்தான் வலை. தம்பிகிட்ட கேளுங்க, அங்க குட்டி எப்ப போடும், அப்ப சுடுவாங்களான்னு. அதான் எனக்குத் தெரியணும்."

6:50
சின்ன மாமா: அத்திம்பேர் சொன்னது சரி

6:52
அம்மா: மீனு வேற மானு வேற

இரவு 10:38
அண்ணன்: வந்துட்டேன். இங்க காலைல 11 மணி. எல்லாத்தையும் படிச்சேன். நைனா வாய்ஸ ரெண்டு தடவ கேட்டேன்.

10:39
அம்மா: சுட்டியா

10:41
அண்ணன்: இல்ல மா. எட்டு மணிக்கு ஒரு சின்ன கெடா வந்துச்சு. கொம்பு ஒரு ஜாண் கூட இல்ல, ஒண்ணரை வயசு இருக்கும். இருவது அடில நின்னு புல்ல மேஞ்சுது. மூச்சு வுடற ஆவி தெரிஞ்சுது. விட்டுட்டேன்.

10:42
நைனா: நல்லது.

10:50
அண்ணன்: நைனா கேட்டதுக்கு: இந்த வெள்ளைவால் மான் குட்டி போடறது மே கடைசி, ஜூன். கூடறது நவம்பர்ல. சீசன் வைக்கறது குட்டியெல்லாம் பால் மறந்து தானா மேய ஆரம்பிச்சப்பறம்தான். வசந்தத்துல மானைச் சுட்டா கேஸ்.

10:53
நைனா: காத்து எப்டி பாத்துக்குவீங்க

10:58
அண்ணன்: உங்க பாடம்தான் நைனா. இங்க கண்ணைவிட மூக்குதான் அதுங்களுக்கு. இன்னிக்கு காத்து வடமேற்குலேருந்து. அதுங்க படுக்கற பொதர் மேல்புறம் இருக்கு. நான் தென்கிழக்கு ஓரமா அரை மைல் சுத்திப் போய் மரத்துல ஏறினேன். நேரா நடந்தா பத்து நிமிஷம். ஆனா என் வாசனை பொதருக்குள்ள போயிடுச்சுன்னா அன்னிக்கு முடிஞ்சுது. நீங்க வாடை, கச்சான்னு சொல்லித் தந்தப்ப நான் சரியா காது குடுக்கல. இப்ப விடிஞ்சதும் மொத வேலை காத்தைப் பாக்கறது.

11:04
பெரம்பூர் சித்தி: அந்தப் புல்லு என்ன புல்லுடா

11:12
அண்ணன்: வெள்ளை கிளோவர் சித்தி. மூணு இலை, நம்ம வீட்டுத் தொட்டி ஓரம் வர்ற புளியாரை மாதிரியே இருக்கும். மண்ணை டெஸ்ட் பண்ணினப்ப புளிப்பு ஜாஸ்தி. சுண்ணாம்புக்கல் பொடி போட்டு ஆறு மாசம் விட்டோம். அவசரப்பட்டு அன்னிக்கே வெதச்சிருந்தா ஒண்ணும் வந்திருக்காது. பக்கத்துல ஓட்ஸும் டர்னிப்பும். டர்னிப் இலை உறைபனி பட்டப்பறம்தான் இனிக்கும், அப்பதான் வந்து மேயும்.

11:14
அண்ணன்: ஆனா வெதச்சது சின்ன வேலை. பெரிய வேலை காட்டுக்குள்ளதான்.

11:21
அண்ணன்: மரமெல்லாம் ஒரே உசரத்துக்கு வளந்து மேல கூரை மாதிரி மூடிக்கிச்சு. தரைக்கு வெயில் இல்ல. பாக்க அழகா இருக்கும், மானுக்கு அங்க தின்ன ஒண்ணும் இல்ல, ஒளிய எடமும் இல்ல. அதனால வெல போகாத மரங்களை நெஞ்சு உசரத்துல முக்கால்வாசி அறுத்து அப்படியே சாய்ச்சு விட்டோம். வெட்டி எடுக்கறது இல்ல. பட்டை ஒரு பக்கம் ஒட்டிகினு இருக்கும், மரம் சாவாது. சாஞ்ச கிளைல தளிர் விடும், அது வாய்க்கு எட்டும். கீழ பொதர் அடையும். வெயில் விழுந்த எடத்துல நாங்க நடாத செடியெல்லாம் தானா வந்துச்சு. ஓக் மரத்தை மட்டும் தொடல. வெள்ளை ஓக் கொட்டைல கசப்பு கம்மி. அது உதிர்ற ரெண்டு மூணு வாரம் எங்க கிளோவரை எந்த மானும் திரும்பிப் பாக்கல.

11:24
நைனா: ஓலை எறக்கற மாதிரியேதான்

11:25
அண்ணன்: ஆமா நைனா. சாய்க்கும்போது அதான் நெனச்சேன்.

11:27
மாமா பையன்: அண்ணா, இவ்ளோ கஷ்டம் எதுக்கு, சோளத்தைக் கொட்டினா வராதா?

11:36
அண்ணன்: வரும். ஆனா எங்க கவுண்டில, நம்ம ஊரு மாவட்டம் மாதிரி, அதுல தடை. மெலிஞ்சு மெலிஞ்சு சாகற நோய் ஒண்ணு, சிடபிள்யூடின்னு சொல்லுவாங்க. விஸ்கான்சின்ல 2002ல கண்டுபுடிச்சாங்க. மருந்தே இல்ல. எச்சில்ல, மூத்திரத்துல பரவும், மண்ணுல வருஷக்கணக்கா தங்கும். ஒரே குவியல்ல இருவது மான் வாய வெச்சா என்ன ஆகும்னு யோசி. அதுவுமில்லாம பனிக்காலத்துல அதுங்க வயிறு சுள்ளி, மொட்டு செரிக்கப் பழகியிருக்கும். திடீர்னு சோளம் தின்னா வயித்துல அமிலம் ஏறி, வயிறு நெறஞ்சே செத்துப்போயிடும். பாப்பா கிண்டி பத்தி எழுதினது இதேதான்.

11:40
நான்: அண்ணா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. எடம் பண்ணிக் குடுத்தீங்க, சரி. அதோட விட்டுடலாம்ல? எதுக்கு சுடணும்? கொம்பை சுவத்துல மாட்டறதுக்குன்னா எனக்குப் புடிக்கல.

11:52
அண்ணன்: கொம்பு வருஷா வருஷம் உதுந்து மொளைக்கறது பாப்பா, பனிக்காலம் முடியறப்ப காட்டுலயே பொறுக்கலாம். அதுக்காக இல்ல. 1900 வாக்குல அமெரிக்கா முழுக்க இந்த மான் அஞ்சு லட்சத்துக்குள்ளதான் இருந்ததுன்னு கணக்கு, சந்தைக்காக சுட்டுத் தீத்துட்டாங்க. இப்ப சுமார் மூணு கோடி. ஓநாய் பெரும்பாலான எடத்துல இல்ல. கெடா ஒண்ணு போதும் பல பெட்டைக்கு. பெட்டை வருஷத்துக்கு ரெண்டு குட்டி. கெடாவை மட்டும் சுட்டா எண்ணிக்கை கொறையாது. எங்க பக்கத்து நெலத்துல நாலடி உசரம் வரைக்கும் ஒரு இலை இல்ல, ஆடு மேஞ்ச வேலி மாதிரி. ஓக் கன்னு ஒண்ணு கூட தப்பிக்கல. பனி கொட்டினா குட்டிதான் மொதல்ல பசில சாகும், வாய் எட்டாது.

11:58
அண்ணன்: இந்த ஊர்ல ஆல்டோ லியோபோல்டுன்னு ஒரு பேராசிரியர் இருந்தாரு. 1935ல மண்ணு செத்துப்போன ஒரு பண்ணையை வாங்கி, பொண்டாட்டி புள்ளைங்களோட வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல பைன் கன்னு நட்டாரு. அவருதான் 1940கள்ல பெட்டையையும் சுட விடுங்க, இல்லன்னா காடும் போயிடும் மானும் போயிடும்னு சொன்னவரு. ஊரே திட்டுச்சு. நான் அந்தப் பண்ணையைப் போய்ப் பாத்தேன். அந்த பைன் மரமெல்லாம் இப்ப நிக்குது.

12:03
நான்: யோசிக்கறேன் அண்ணா. முழுசா மனசு ஏத்துக்கல. ஆனா நீங்க சொல்றது புரியுது.

12:04
அண்ணன்: அது போதும் பாப்பா. எனக்கும் ஈஸியா இல்ல.

12:06
அம்மா: படுங்க எல்லாரும்

ஞாயிற்றுக்கிழமை

காலை 5:52
அண்ணன்: பொழுது சாயற நேரத்துல ஒரு பெட்டை. எழுவது அடி. ஒரே தோட்டா, அம்பது அடி கூட ஓடல. செம்புத் தோட்டா, ஈயம் இல்ல. ஈயம் செதறி கறில ஏறும், மிச்சத்தைத் தின்ற கழுகுக்கும் விஷம்.

5:53
அண்ணன்: பக்கத்துல உக்காந்து கழுத்துல கைய வெச்சேன். சூடா இருந்துச்சு. கொஞ்ச நேரம் எந்திரிக்க முடியல.

6:20
அம்மா: குட்டி கூட இருந்துச்சா

6:24
அண்ணன்: ரெண்டு இருந்துச்சு மா. பெருசு ஆயிடுச்சுங்க, பால் மறந்து மாசக்கணக்கு ஆச்சு. மத்த பெட்டைங்களோட சேந்து கிளோவருக்கு திரும்பி வந்துடுச்சுங்க, நான் எறங்கறதுக்குள்ளயே.

6:31
அம்மா: போட்டோ அனுப்பாத எனக்கு

6:31
அண்ணன்: அனுப்பல மா.

6:45
நைனா: கறி இன்னா பண்ணுவ

6:54
அண்ணன்: மொதல்ல பதிவு பண்ணணும், நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள. தலையை கழுத்தோட வெட்டி டெஸ்டுக்குன்னு வெச்சிருக்கற பெட்டில போட்டுட்டு வரணும். அந்த நோய் இருக்கான்னு பாப்பாங்க. ரெண்டு வாரம் போல ஆகும். மனுஷனுக்கு இதுவரைக்கும் வந்ததா உறுதியா ஒண்ணும் இல்ல, ஆனா நோய் இருந்தா தின்னாதீங்கன்னுதான் சொல்றாங்க. அதுவரைக்கும் ஃப்ரீசர்ல. பாதி பெரியவர் வீட்டுக்கு. மீதில ஒரு பங்கு பக்கத்து தெரு வயசானவங்களுக்கு, அவரு வருஷா வருஷம் குடுக்கறது வழக்கம்.

6:58
நைனா: அந்த சின்ன கெடா திரும்ப வந்துச்சா

7:01
அண்ணன்: சாயங்காலம் தூரத்துல பாத்தேன். அதே கொம்புதான்.

7:03
நைனா: இங்க காத்து கொறஞ்சிடுச்சு. நாளைக்கு எறங்கலாம்னு சொல்றாங்க.

7:10
அம்மா: டெஸ்டு வந்தா மொத எனக்கு சொல்லு. அதுவரைக்கும் ஒரு துண்டு கூட வாயில வெக்காத. இப்ப எதனா சூடா சாப்ட்டு படு.