சீசன் இல்லாத கடற்கரை ஊர்: ஏமாறாமல் இருக்க யாரையுமே நம்பக்கூடாதா?

வழிப்போக்கன்:
கூட்டம் இல்லாத மாதங்களில் கடற்கரை ஊருக்குப் போனால் செலவு குறைவு, நிம்மதி அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை. சீசனில் ஆயிரம் பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறக்கிறவர்கள், சீசன் முடிந்ததும் கண்ணில் படுகிற நாலு பேரிடமே மொத்தத்தையும் கறக்கப் பார்ப்பார்கள். சாட்சிக்குப் பக்கத்தில் ஆள் இருக்காது. விலை விசாரிக்க அடுத்த கடை திறந்திருக்காது. கடைசிப் பேருந்து சீக்கிரமே போய்விடும், அப்புறம் நிற்கிற ஒரே டாக்சிக்காரர் சொல்வதுதான் கூலி.

'உங்கள் விடுதி மூடியாகிவிட்டது' என்ற பழைய தந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விடுதிப் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் உச்சுக்கொட்டுவார். "அதைப் பூட்டிவிட்டார்களே சார்." நாம் தயங்கினால் அவரே தன் கைப்பேசியில் ஓர் எண்ணை அழுத்தி நம்மிடம் நீட்டுவார். மறுமுனையில் ஒரு குரல், "ஆமாம் சார், மராமத்து நடக்கிறது" என்று மரியாதையாகச் சொல்லும். பேசியது விடுதிக்காரர் அல்ல, ஓட்டுநரின் கூட்டாளி. வண்டி நேரே கமிஷன் தருகிற இடத்துக்குப் போய் நிற்கும். இந்தப் பொய் சீசனில் அவ்வளவு எளிதாக எடுபடாது. மற்ற நாளில் பாதி ஊர் உண்மையாகவே பூட்டிக் கிடப்பதால் நம்பிவிடுகிறோம்.

என் விதி ஒன்றுதான். தானாக வந்து பேசுகிறவர் யாராக இருந்தாலும் நிற்காமல் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும்.

கரையோரவாசி:
தம்பி, நான் கடலோரத்தில் சில அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவள். டாக்சி விஷயம் நீங்கள் சொன்ன மாதிரியேதான் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் விதி ஆபத்தானது. பண விஷயத்தில் மட்டும் அல்ல, உயிர் விஷயத்திலும்.

சீசன் முடிந்ததும் பல கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் இருக்க மாட்டார்கள். கொடியும் பறக்காது. சிவப்புக் கொடி இல்லையே, இறங்கலாம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடி இருந்தால்தான் அந்த இடத்தைக் கண்காணிக்க ஆள் இருக்கிறார் என்று பொருள். கொடியே இல்லாத கரையில் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இன்னொன்றையும் கேளுங்கள். இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடையும், நடுவில் ஒரு பட்டை மட்டும் அடங்கி, கொஞ்சம் கறுத்துத் தெரியும். குழந்தையோடு வருகிறவர்கள் அந்த இடத்தைத்தான் தேடிப் போகிறார்கள். பல நேரம் அதுதான் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம். அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

"அங்கே இறங்காதீர்கள்" என்று சொல்ல ஓடி வருகிற வலைக்காரரும் தானாக வந்து பேசுகிறவர்தான். அவருக்கும் 'வேண்டாம்' சொல்லிவிட்டு நடப்பீர்களா?

வழிப்போக்கன்:
அக்கா, எச்சரிக்கை சொல்ல வருகிறவரை நான் குறை சொல்லவில்லை. அதற்கு அவர் காசு கேட்பதில்லையே. நான் சொல்வது வியாபாரம் பேச வருகிறவர்களை. அதிலும் வாடகை ஜெட் ஸ்கீ, அதாவது தண்ணீரில் ஓட்டும் மோட்டார் வண்டி. எடுக்கும்போது வாடகையை மட்டும் சொல்வார்கள். திருப்பிக் கொண்டுவந்ததும் ஒருவர் குனிந்து, தண்ணீருக்குள் மறைந்திருந்த அடிப்பாகத்தை விரலால் தடவிக்கொண்டே போவார். ஓரிடத்தில் விரல் நிற்கும். அந்தக் கீறல் எப்போதோ விழுந்தது, இதற்கு முன் வந்தவரிடமும் காசு வாங்கித் தந்த கீறல். பேரம் தொடங்குவதற்குள் இன்னும் சிலர் சுற்றி நின்றுவிடுவார்கள். சீசனில் நாலு பயணிகளாவது வேடிக்கை பார்க்கவாவது நிற்பார்கள். வெறிச்சோடிய கரையில் யாரைக் கூப்பிடுவது?

கணக்குப்பிள்ளை:
கரையை விட்டுக் கொஞ்சம் வெளியே வாருங்கள். நான் அட்டைப் பரிவர்த்தனைப் புகார்களைப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். பெரிய தொகை போவது பெரும்பாலும் ஊருக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால்தான். 'சீசன் இல்லாததால் பாதி விலை, முழுத் தொகையையும் இன்றே இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்' என்று ஒரு விளம்பரம். படம் வேறு யாருடைய வீட்டிலிருந்தோ எடுத்தது. விடுதிப் பதிவு இணையதளத்தில் பேச்சைத் தொடங்கி, கமிஷன் மிச்சம் என்று சொல்லித் தளத்துக்கு வெளியே பணத்தை வாங்கிக்கொள்வார்கள். வெளியே அனுப்பிவிட்டால் அந்தத் தளத்தின் பாதுகாப்பு கிடைக்காது. கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் ஆட்சேபம் எழுப்ப வழி உண்டு. நேரடியாகக் கணக்குக்கு அனுப்பிய பணத்தை மீட்பது மிகக் கடினம்.

வெளிநாட்டில் அட்டையைத் தேய்க்கும்போது, 'உங்கள் நாட்டுப் பணத்திலா, இந்த நாட்டுப் பணத்திலா' என்று கருவி கேட்கும். எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். நம் நாட்டுப் பணத்தைத் தேர்ந்தெடுத்தால், மாற்று விகிதத்தை அந்தக் கடைக்குச் சேவை தரும் நிறுவனம் வைக்கும், அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம். தேர்வு நம்முடையது என்பது விசா, மாஸ்டர்கார்டு என்ற அட்டை நிறுவனங்கள் இரண்டின் விதியிலும் இருக்கிறது. கடைக்காரர் நம்மைக் கேட்காமல் தானே அழுத்தினால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம்.

வாகன நிறுத்துமிடத்தில் கியூஆர் குறியீடு ஒட்டியிருந்தால் விரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். அசல் குறியீட்டின் மேல் வேறொன்றை ஒட்டுவது பல நாடுகளில் நடக்கிறது. ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் அது கண்டுபிடிக்கப்படாமல் நாள்கணக்கில் இருக்கும்.

தனிநடை:
அட்டை பற்றிச் சொன்னது சரி. ஆனால் சின்ன ஊரில் சீசன் முடிந்ததும் திறந்திருக்கிற சில கடைகளில் ரொக்கம் மட்டும்தான் செல்லும். 'எப்போதும் அட்டை' என்று கிளம்பினால் இரவு அலைய வேண்டியதுதான். வங்கிக் கட்டடத்துக்குள் இருக்கும் ஏடிஎம்மில், வங்கி திறந்திருக்கும் நேரத்தில், பகலிலேயே எடுத்து வைத்துக்கொள்வேன். அட்டை உள்ளே சிக்கினாலும் கேட்க ஆள் இருக்கும். உதவி செய்ய வருகிறவர் முன்னால் ரகசிய எண்ணை மறுபடி அழுத்தவே கூடாது. இந்த ஓர் இடத்தில் வழிப்போக்கனின் விதியை அப்படியே ஏற்கிறேன்.

நான் தனியாகப் பயணம் செய்கிறவள். எனக்குப் பெரிய பயம் பாஸ்போர்ட்தான். ஸ்கூட்டர் வாடகைக்கு அதை ஈடாகக் கேட்பார்கள். கொடுத்துவிட்டால் அப்புறம் எந்தக் கீறலுக்கு எவ்வளவு கேட்டாலும் கட்டித்தான் ஆக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் சொத்து, நாம் அடகு வைக்கிற பொருளே அல்ல. நகலும் ஒரு தொகையும் தருகிறேன் என்பேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு இடம் பார்ப்பேன். எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி, அடிப்பாகம் உட்பட, உரிமையாளர் கண்ணெதிரே காணொளி எடுத்துவிடுவேன். ஜெட் ஸ்கீக்கும் அதையே செய்யலாம், கரையில் ஏற்றி வைத்துக் காட்டச் சொல்லி. தயங்குகிற ஆளிடம் எடுக்கவே வேண்டாம்.

உரிமத்தையும் பாருங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி தனியாகச் செல்லாது, சொந்த உரிமத்தோடு சேர்ந்துதான் செல்லும். உரிய உரிமம் இல்லாமல் விழுந்தால் பல பயணக் காப்பீடுகள் பணம் தராது. அந்தச் செலவுக்கு முன்னால் கீறல் பணம் ஒன்றுமே இல்லை.

கரையோரவாசி:
தனிநடை சொல்வது எனக்கு ஒத்துப்போகிறது. அவர் ஆளைப் பார்த்துப் பயப்படவில்லை, கைவிட்டுப் போகிற பொருளைப் பார்க்கிறார்.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். 'சீசன் இல்லையே, காலியாகத்தானே கிடக்கிறது' என்று சொல்லி, நான் சொன்ன வாடகையில் கால்வாசிக்குக் கேட்கிறார்கள். முடியாது என்றால் 'ஏமாற்று' என்று விமர்சனம் எழுதுகிறார்கள். முன்கூட்டியே சொன்ன விலை அதிகமாக இருக்கலாம், அது மோசடி அல்ல. கூட்டம் இல்லாத மாதங்களிலும் ஈரக்காற்றில் துருப்பிடிப்பதைச் சரிசெய்ய வேண்டும், வேலையாளுக்குச் சம்பளம் தர வேண்டும். சொல்லாமல் மறைத்துக் கடைசியில் நீட்டுகிற கட்டணம்தான் மோசடி.

வழிப்போக்கன்:
அந்த வேறுபாட்டை ஏற்கிறேன். விலை அதிகம் என்பதற்காக ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று எழுதுவது அநியாயம்.

ஆனால் முதல் பேச்சில் நேர்மையானவர் யார், மற்றவர் யார் என்று பயணிக்குத் தெரியாது. உங்களைப் போன்றவரை இழந்தாலும் பரவாயில்லை என்றுதான் வியாபாரம் பேச வருகிறவரை ஒதுக்குகிறேன். எனக்கு வேண்டியதை நானே தேடிப் போய்க் கேட்பேன். நான் தேர்ந்தெடுத்த கடைக்காரர் ஏமாற்றுக்காரராக இருக்கும் வாய்ப்பு, என்னைத் தேர்ந்தெடுத்து வந்தவரைவிடக் குறைவு. இதில் நான் மாறப் போவதில்லை.

கரையோரவாசி:
மாற வேண்டாம் தம்பி. எச்சரிக்கிறவரையும் விற்கிறவரையும் பிரித்துப் பார்த்தால் போதும். உங்கள் விதியில் ஒரு பங்கு எனக்கும் பிடித்ததுதான், தேடிப் போய்க் கேட்பது. அதை வீட்டிலிருந்தே தொடங்குங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், விடுதியின் சொந்தத் தளத்தில் இருக்கும் எண்ணை உங்கள் கைப்பேசியிலிருந்தே அழையுங்கள். நான் வந்து சேரும் நேரத்தில் யார் இருப்பார், லிஃப்ட் ஓடுகிறதா, வெந்நீர் வருமா, சாப்பாட்டுக்கூடம் திறந்திருக்குமா, இல்லாவிட்டால் பக்கத்தில் எது திறந்திருக்கும், நிலையத்திலிருந்து டாக்சிக்கு வழக்கமாக எவ்வளவு என்று கேளுங்கள். சீசன் இல்லாத நாளில் எங்களுக்கும் பேச நேரம் இருக்கும். அந்த எண்ணைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள். ஓட்டுநர் தன் கைப்பேசியை நீட்டும்போது உங்களுடையதை எடுத்து நீங்களே எங்களைக் கூப்பிடுங்கள்.

தனிநடை:
அக்கா, இரவில் வந்து சேருகிறவர்களுக்கு நீங்களே வண்டி அனுப்புவதுண்டா? அனுப்பினால் வண்டி எண்ணை முன்பே வாங்கிக்கொள்ளலாம்.

கரையோரவாசி:
அனுப்புவோம். பதிவு செய்யும்போதே கேட்டால் வண்டி எண், ஓட்டுநர் பெயர், கூலி மூன்றையும் எழுத்தில் தந்துவிடுவோம். கேட்டால் மற்ற விடுதிக்காரர்களும் தருவார்கள். எழுத்தில் தர மறுத்தால் வேறு விடுதி பாருங்கள்.