உதவி: தடுப்பூசிப் பட்டியலில் வயது பிழையாக வருகிறது, அவசரம்

பச்சைமலை:
எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஊசி போட்ட வயதை எக்செல்லில் கணக்குப் பார்த்தால் எல்லாம் பிழை. சில பிள்ளைகளுக்குப் பிறக்கும் முன்பே போட்டதாக வருகிறது. அறிக்கை நாளைக்குப் போக வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

கொட்டகலை அண்ணன்:
எந்த ஊசி தங்கச்சி? திகதியை எப்படி அடித்தீர்கள்? பெயரை மறைத்துவிட்டு ஒரு வரியைப் போடுங்கள்.

மஸ்கெலியா:
இரட்டைப் பதிவுதான். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவார்கள், அங்கே ஒரு கிளினிக், திரும்பி வந்தால் இங்கே ஒன்று. ஒரே பிள்ளை யோகேஸ்வரி, யோகேஷ்வரி என்று இரண்டாகிவிடும். எங்கள் பக்கம் எப்போதும் இதுதான் தொல்லை.

பழைய பதிவேடு:
எந்த ஊசி என்றுகூடச் சொல்லாமல் கேட்கிறீர்கள். எம்.எம்.ஆர்., அதாவது சின்னமுத்து (தட்டம்மை) உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான ஊசி, 9 மாதத்திலும் 3 வயதிலும், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி 12 மாதத்தில். அட்டவணை மனதில் இல்லாதவர் கம்பியூட்டரில் கை வைக்கக் கூடாது. 20 வருடம் கொப்பியில் எழுதினோம், ஒரு பிழை வந்ததில்லை.

பச்சைமலை:
எம்.எம்.ஆர். முதல் ஊசி. பிறப்பு 05/03/2024, ஊசி 10/12/2024. 5 மாதம் என்கிறது.

கொட்டகலை அண்ணன்:
அதுதான் விஷயம். உங்கள் கம்பியூட்டர் மாதத்தை முதலில் படிக்கிறது. மார்ச் 5 மே 3 ஆகிவிட்டது, டிசம்பர் 10 ஒக்டோபர் 12. உண்மையில் பிள்ளைக்கு 9 மாதம் 5 நாள், சரியான வயது. 12க்கு மேற்பட்ட நாட்களைப் பாருங்கள், கட்டத்தின் இடது ஓரத்தில் நிற்கும். அவை திகதியே இல்லை, வெறும் எழுத்து. கம்பியூட்டரின் ரீஜன் (நாடு, வட்டாரம்) அமைப்பை, நாள் முதலில் வரும்படி மாற்றுங்கள். ஆனால் ஏற்கெனவே புரண்டவை தானாகத் திரும்பாது. நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி, ஒவ்வொன்றையும் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்.

மஸ்கெலியா:
பெயர்ப் பிரச்சினையையும் விடாதீர்கள்.

பழைய பதிவேடு:
கொப்பியில் இந்தத் தொல்லையே இல்லை.

கொட்டகலை அண்ணன்:
ஐயா, 2019இல் இலங்கையைச் சின்னமுத்து ஒழிந்த நாடு என்று அறிவித்தார்கள், 2023இல் திரும்ப வந்தது. காய்ச்சலும் தடிப்புமாக ஒரு பிள்ளை வந்தால், ஊசி போட்டதா என்று உடனே தெரிய வேண்டும். தோட்டத்தின் எந்த டிவிஷனில் (பிரிவில்) எத்தனை பிள்ளை விடுபட்டது என்று கொப்பியைப் புரட்டிக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்? தங்கச்சியை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை, பிழை அங்கேதான்.

பழைய பதிவேடு:
பயிற்சி கொடுக்கட்டும், வேண்டாம் என்றா சொன்னேன்? கொப்பியையும் வைத்திருங்கள் என்கிறேன்.

பச்சைமலை:
சரியாகிவிட்டது அண்ணே. இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் உண்மையிலேயே போடவில்லை. கிளினிக் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன்.