கொரிய நாய்ப் படத்தில் "எங்கள் வீட்டு மணி பெரிது" என்று வருகிறது, சரியா?

கூழாங்கல்:
வணக்கம். எட்டு மாதமாகக் கொரியன் படிக்கிறேன். மொழி பழகும்போது அறிமுகமான புசான் அக்கா ஒருவர், நேற்று தன் வீட்டு நாயின் படத்தை அனுப்பினார். ராம்யொன் நூடுல்ஸ் காய்ச்சும் மஞ்சள் அலுமினியச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மூக்கு மட்டும் தெரிகிறது. படத்தின் மேல் எழுதியிருப்பதை நான் வாசித்தது இப்படி: "உரி ஜிப் டெங்டெங்-இ கொயொவொ". கடைசியில் 'யூ' எழுத்து இரண்டு.

மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டால் "எங்கள் வீட்டு மணி பெரிது" என்கிறது. சட்டி மணி மாதிரி இருப்பதால் அப்படிச் சொல்கிறாரோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் அந்த இரட்டை 'யூ' கண்ணீர் என்று படித்திருக்கிறேன். நாய்க்கு ஏதாவது ஆகிவிட்டதா? தவறாகச் சிரித்து வைக்க மனம் வரவில்லை, இன்னும் பதில் போடவில்லை.

சுங்குடி:
"உரி ஜிப்" எங்கள் வீடு, அது சரி. யூ யூ என்றால் அழுகைதான். கொஞ்சம் பொறுத்துப் பதில் சொல்லுங்கள்.

தாழம்பூ:
பயப்பட வேண்டாம் தங்கச்சி, நாய் நன்றாக இருக்கிறது. நீங்கள் வாசித்ததும் சரிதான். எழுதியவர் வேண்டுமென்றே வேறு எழுத்தைப் போட்டிருக்கிறார்.

நாய்க்குக் குழந்தைச் சொல் "மொங்மொங்-இ", நம் லொள் லொள் மாதிரி. கொரியனில் 'ம' ஒரு மூடிய கட்டம். "மொங்" எழுதும்போது அதன் வலப்பக்கம் சின்னக் கோடு, அப்புறம் நெட்டுக்கோடு வரும். "டெங்" எழுதினால் கட்டம் வலப்பக்கம் திறந்திருக்கும். அதையடுத்து நெட்டுக்கோடு, சின்னக் கோடு, மறுபடி நெட்டுக்கோடு. முதல் நெட்டுக்கோடு கட்டத்தோடு ஒட்டி நின்றால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அப்படித்தான் மொங்மொங்-இ டெங்டெங்-இ ஆனது. "டெங் டெங்" மணியோசையும்கூட, ஆப் அதைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த சொல்லும் இதே கதைதான். "க்வியொவொ" என்றால் 'ரொம்ப அழகு, செல்லம்'. அதன் முதல் எழுத்து சின்னதாக அச்சானால் "கொ" போலத் தெரியும். "கொ" பெரிதாக இருப்பதைக் குறிக்கும், அதனால்தான் உங்களுக்குப் 'பெரிது' வந்தது. ஆக, "எங்க வீட்டு நாய்க்குட்டி எவ்வளவு அழகு!"

நம்மிலும் துணைக்காலுக்குப் பதில் 'ர' தட்டிவிட்டால் கண் பொறுத்துக்கொள்ளும், தேடுபொறி பொறுக்காது. அதே சிக்கல்.

சுங்குடி:
இது எனக்குப் புதிது. அப்படியானால் அந்தக் கண்ணீர்?

தாழம்பூ:
அழகு தாங்காமல் கண் கலங்கும் இடத்திலும் யூ யூ போடுவார்கள். முன்னால் வரும் சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த எழுத்து விளையாட்டுக்கு "யாமின்ஜொங்ஊம்" என்று பெயர். மன்னர் சேஜோங் 1446-ல் வெளியிட்ட எழுத்துமுறையின் பெயர் ஹுன்மின்ஜொங்ஊம். அதன் தலையில் இருந்த 'ஹுன்'னை எடுத்துவிட்டு, பேஸ்பாலைக் குறிக்கும் "யாகு"வின் 'யா'வை வைத்தார்கள். டிசி இன்சைடு தளத்தின் பேஸ்பால் பகுதியில் பரவியதால் அந்தப் பெயர். 2019-ல் பால்தோ நிறுவனம் தன் பிபிம்ம்யொன் நூடுல்ஸின் 35-ஆம் ஆண்டுக்கு உறையிலேயே, "பால்தோ பிபிம்ம்யொன்" போலத் தெரியும்படி "க்வால்தோ நெநெம்தின்" என்று அச்சடித்து விற்றது. அந்த அளவுக்கு ஊரறிந்த விளையாட்டு. எனக்கு அந்த மொழியில் மிகவும் பிடித்த இடமே இதுதான்.

இனி அகராதியில் இல்லாத சொல் வந்தால் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கண்ணை இடுக்கிப் பாருங்கள். எந்தச் சொல்லின் சாயல் தெரிகிறதோ அதைத் தட்டித் தேடுங்கள். "திங்ஜாக்" என்று ஒன்று சீக்கிரமே கண்ணில் படும். அது "ம்யொங்ஜாக்", தலைசிறந்த படைப்பு.

ஒன்று மட்டும்: உங்களைவிட மூத்தவர் என்றால் பதிலில் "க்வியொவொயோ" என்று கடைசியில் 'யோ' சேருங்கள். நம் 'ங்க' மாதிரி. படத்தில் அது இல்லை என்பதால் நீங்களும் விட்டுவிடாதீர்கள்.

கூழாங்கல்:
ரொம்ப நன்றி அக்கா! இரண்டு சொல்லையும் மாற்றித் தட்டினேன், ஆப் இப்போது "எங்கள் வீட்டு நாய்க்குட்டி அழகாக இருக்கிறது" என்கிறது. 'யோ' சேர்த்தே அனுப்பினேன். உடனே இன்னொரு படம் வந்தது. சட்டி கழன்றுவிட்டது, நெற்றியில் ஒரு நூடுல்ஸ் ஒட்டியிருக்கிறது. எழுத்து எதுவும் இல்லை.