பித்தளையும் பியானோ கம்பியும்: ரெட்ரோ ஸ்லாட் கார் சேசிஸ் செய்தவர்களின் அனுபவப் பகிர்வு

ஈசூனிலிருந்து

சிங்கப்பூரில் ரெட்ரோ ஸ்லாட் கார், அதாவது தடத்தின் பள்ளத்தைப் பிடித்து ஓடும் பழைய பாணிச் சிறு மின்சாரக் கார், ஓட்டும் நம்மில் பலர் சேசிஸை (காரின் அடிச்சட்டத்தை) ஆயத்தமாக வாங்கிவிடுகிறோம். பித்தளைத் தகட்டையும் பியானோ கம்பி என்னும் விறைப்பான எஃகுக் கம்பியையும் வெட்டி, வளைத்து, ஈயம் (சால்டர்) வைத்துத் தாங்களே செய்து ஓட்டியவர்கள், அந்த வேலையில் கண்டதை இங்கே எழுதினால் புதிதாகத் தொடங்குவோருக்கு உதவியாக இருக்கும். நானே ஆரம்பித்துவைக்கிறேன்.

1960களில் அமெரிக்காவில் காசு கட்டி ஓட்டும் ஸ்லாட் கார் கூடங்கள் பெருகியபோது, தொழிற்சாலையில் செய்த சேசிஸ்களின் வேகம் போதாமல், ஓட்டுபவர்களே மபூச்சி நிறுவனத்தின் எஃப்டி16டி, எஃப்டி36டி போன்ற மோட்டார்களைச் சுற்றிக் கம்பியை வளைத்துச் செய்துகொண்ட அடிச்சட்டம்தான் இது. இன்று ஐஆர்ஆர்ஏ போன்ற அமைப்புகளின் விதிப்படி நடக்கும் ரெட்ரோ பந்தயங்களில் அந்தக் காலத்துக் கார் உருவமும் பித்தளை-கம்பிக் கட்டுமானமும் அப்படியே இருக்க, மோட்டார் மட்டும் இக்காலத்துச் சிறு மோட்டாராக மாறியிருக்கிறது. வரலாறு இவ்வளவு போதும்.

நான் சொல்ல வருவது வெப்பத்தைப் பற்றி. சந்திக்கும்போதெல்லாம் மோட்டாரைப் பற்றியும் எடையைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறோம்; சேசிஸ் ஆறும்போது என்ன நடக்கிறது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது) 183 பாகை செல்சியஸில் உறைகிறது. அந்தக் கணத்தில் பித்தளையும் எஃகுக் கம்பியும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. ஆனால் அதற்குப் பிறகு இரண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஒரு பாகை வெப்பம் குறையும்போது பித்தளை மீட்டருக்கு ஏறத்தாழ 19 மைக்ரோமீட்டரும், எஃகு ஏறத்தாழ 12 மைக்ரோமீட்டரும் சுருங்கும். 1/24 அளவுக் காரின் சேசிஸில் 100 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பித்தளையும் கம்பியும் பக்கம் பக்கமாக ஒட்டியிருந்தால், நம் அறை வெப்பநிலைக்கு வந்து சேரும்போது அவற்றுக்கிடையே பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வேறுபாடு இருக்கும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் முன்சக்கரம் தரையைத் தொடுவதும் தொடாமல் நிற்பதும் அந்த அற்பத்துக்குள்தான் இருக்கிறது.

ஜிக்கில் (துண்டுகளைப் பிடித்துவைக்கும் பலகையில்) ஊசிகளால் அழுத்திப் பிடித்திருக்கும் வரை சேசிஸ் சமமாகத்தான் தெரியும். ஊசிகளை எடுத்தவுடன் ஒரு மூலை மெல்ல எழும். அடுக்களை மேடை போடும்போது மிஞ்சிய கருங்கல் துண்டு ஒன்றை நான் இதற்கென்றே வைத்திருக்கிறேன். சக்கரமில்லாத சேசிஸை அதன் மேல் வைத்து, நான்கு மூலைகளையும் விரல்நுனியால் மாறி மாறித் தட்ட வேண்டும். சமமாக இருந்தால் மந்தமான ஒரே ஒலி வரும்; முறுக்கிக்கொண்டிருந்தால் எந்த மூலை எழுந்திருக்கிறதோ அங்கே 'டிக்' என்று தனியாகக் கேட்கும். பிறகு ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) நுழைத்தால் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

எழுந்த மூலையைக் கையால் வளைத்துச் சரிசெய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்லின் மேல் அது சமமாக உட்காரும், சந்தேகமில்லை; ஆனால் இறுக்கம் உள்ளேயே தங்கிவிடுவதால், டிராக்கில் சுவரில் ஒரு முறை மோதியதும் பழைய கோணலுக்கே திரும்பிவிடும். நான் செய்வது வேறு. சேசிஸை எதனாலும் அழுத்தாமல் வெறுமனே கல்லின் மேல் வைத்து, நீளமான இணைப்புகளை மட்டும் ஒவ்வொன்றாக மீண்டும் உருக்கி, தானாக ஆறவிடுகிறேன். ஈயம் உருகியிருக்கும் அந்த இரண்டு விநாடிகளில் கம்பி தான் விரும்பிய இடத்துக்கு நகர்ந்துகொள்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

காக்கி புக்கிட்டில் நண்பர் ஒருவரின் தொழிற்கூடத்து மாடியில் நாங்கள் சிலர் ஓட்டும் மரத்தடம் இருக்கிறது. ஒரே கார், ஒரே மோட்டார், ஒரே டயர். நீள இணைப்புகளை இப்படி இளக்கிய பின் இடப்பக்க வளைவில் வால் துள்ளுவது நின்றது. வலப்பக்க வளைவில் இன்னும் மூக்கு வெளியே தள்ளுகிறது. அதற்குக் காரணம் பிடிபடவில்லை.

ஜூரோங்கிலிருந்து

தம்பி, நான் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தபோது இந்தப் பொம்மைக் காரின் சட்டத்தை என் கையில் கொடுத்து, "மாமா, ஏன் இது கோணிக்கொள்கிறது?" என்று கேட்டான். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் பன்னிரண்டு மீட்டர் தகட்டில் நாங்கள் பட்ட பாடு அப்படியே அதில் இருந்தது. ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒரே மூச்சில் ஈயத்தை ஓட்டியிருந்தான்.

பட்டறையில் முதலில் டேக் அடிப்போம். அதாவது, இடைவெளிவிட்டு ஆங்காங்கே ஒரு புள்ளி வைத்துத் தகட்டைப் பிடித்துவைப்போம். பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இடம் ஒரு துண்டு, வலம் ஒரு துண்டு என்று மாற்றி மாற்றி நிரப்புவோம். ஒவ்வொரு துண்டையும் போகும் திசைக்கு எதிராக, பின்னோக்கி இழுப்போம். ஒரே இடத்தில் சூடு குவியாமல் பார்ப்பதுதான் இதன் நோக்கம். என் மருமகன் இதே வரிசையில் இரண்டாவது சட்டத்தைச் செய்தான். அவன் ஜிக்கிலிருந்து எடுத்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன், கண்ணுக்குத் தெரியும்படி எந்த மூலையும் எழவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். பிள்ளைகள் சிறிய அயர்னை (ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை) வைத்து நெடுநேரம் தேய்க்கிறார்கள். பித்தளை சூட்டை எஃகைவிட வேகமாகக் கடத்தும். சின்ன அயர்ன் இணைப்பைச் சூடாக்குவதற்குள் தகடு முழுவதும் சூடேறி, பக்கத்தில் ஏற்கெனவே வைத்த ஈயமும் இளகிவிடும். உளி போன்ற அகன்ற முனையுள்ள 80 அல்லது 100 வாட் அயர்னை வைத்து, சட்டென்று தொட்டு, ஈயம் ஓடியதும் சட்டென்று எடுத்துவிட வேண்டும். பெரிய அயர்ன் வைத்தால் கூடுதலாகச் சூடாகும் என்று நினைப்பது தவறு. மொத்தத்தில் உள்ளே போகும் சூடு அதில்தான் குறைவு.

செங்காங்கிலிருந்து

ஐயா சொன்ன அயர்ன் விஷயத்தை நானும் வழிமொழிகிறேன். சிம் லிம் டவரில் அகன்ற முனை வாங்கி மாற்றிய பிறகுதான் எனக்கு இந்த வேலையில் பொறுமை வந்தது. பித்தளைத் தகடும் குழாயும் ஜாலான் புசார் பக்கத்து உலோகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் மெல்லிய அளவுகளுக்கும் பியானோ கம்பிக்கும் ரேடியோ விமானம் செய்பவர்கள் போகும் கடையோ வெளிநாட்டு அஞ்சலோதான் வழி. 2023 முதல் 400 வெள்ளிக்குக் குறைந்த இறக்குமதிப் பொருள்களுக்கும் பொருள் சேவை வரி உண்டு என்பதால், சில்லறையாக வாங்காமல் நண்பர்கள் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைப்பது அஞ்சல் செலவுக்காவது நல்லது.

நான் எழுத விரும்புவது துருவைப் பற்றி. எஃகுக் கம்பியில் ஈயம் ஒட்ட வேண்டுமென்றால் அமில ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிப்பதற்காக முதலில் தடவும் பொருள்) தேவைப்படுகிறது; மின்னணுப் பலகைகளுக்கான ரோசின் ஃப்ளக்ஸ் பித்தளைக்குப் போதுமே தவிர, கம்பியில் பெரும்பாலும் உருண்டை உருண்டையாக நின்றுவிடும். ஆனால் அமில ஃப்ளக்ஸின் மிச்சமும் சிங்கப்பூரின் ஈரக் காற்றும் சேர்ந்தால், இரவு வைத்துவிட்டுப் போன சேசிஸில் காலையில் காவிநிறம் படிந்திருக்கும். வேலை முடிந்த உடனே சமையல் சோடா கரைத்த வெந்நீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்து, நல்ல நீரில் அலசி, உலர்த்தி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுக்க வேண்டும். குழாய்க்குள் கம்பி நுழையும் கீல்களில்தான் அமிலம் ஒளிந்துகொள்ளும். அங்கே ஊசியால் நீரைப் பீய்ச்சினால்தான் வெளியே வரும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வெடிகுண்டுப் புகலறையைப் பட்டறையாக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அங்கே சன்னல் கிடையாது என்பதால் ஃப்ளக்ஸ் புகை முழுவதும் மூச்சுக்குள்தான் போகும். அதுபோக, அதே அறையில் வைத்திருக்கும் துளையூசி, பேரிங், மோட்டார் எல்லாவற்றின் மீதும் அந்த ஆவி படிந்து அரிக்கும். துணி காயப்போடும் பின்கட்டில், சன்னலைத் திறந்து, ஒரு விசிறியை வெளிப்பக்கமாகத் திருப்பிவைத்து நான் செய்கிறேன். ஈயம் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் பிள்ளைகளைத் தூக்குவதில்லை. காரீயம் கலவாத சால்டரையும் முயன்று பார்த்தேன். அதில் பலவகை 217 பாகைக்கு மேல்தான் உருகும் என்பதால், ஈசூன் அண்ணன் சொல்லும் சுருக்கக் கணக்கு இன்னும் கொஞ்சம் கூடிவிடுகிறது.

பிடோக்கிலிருந்து

எல்லாரும் சமமாக இருப்பதையே பேசுகிறீர்கள். நான் சற்று மாறுபடுகிறேன். எனக்குச் சேசிஸ் ஆடுவதில்தான் அக்கறை அதிகம்.

நடுச்சட்டம் மோட்டாரையும் பின் ஆக்சிலையும் தடத்தின் பள்ளத்துக்குள் ஓடும் கைடையும் தாங்குகிறது. பக்கத்துப் பித்தளைத் தட்டுகள் லெக்சான் (மெல்லிய பிளாஸ்டிக்) உடலைத் தாங்குகின்றன. இரண்டையும் ஒரே துண்டாக ஒட்டிவிட்டால், தடத்தின் ஒவ்வொரு மேடுபள்ளமும் மொத்த எடையையும் குலுக்கி டயரின் பிடியைக் கெடுக்கும். தட்டுகளைக் கீலில் தொங்கவிட்டால், குலுக்கலை அவை வாங்கிக்கொள்ள, நடுச்சட்டம் தரையோடு ஒட்டி நிற்கும். 3/32 அங்குல வெளிவிட்டமுள்ள மெல்லிய பித்தளைக் குழாய்க்குள் 1/16 அங்குலக் கம்பியைப் போட்டால் ஆட்டம் மிகக் குறைவு. அதே குழாயில் 0.055 அங்குலக் கம்பியைப் போட்டால் கையில் எடுத்துக் குலுக்கும்போது கலகலவென்று ஒலி கேட்கும். புதிதாக வருபவர்கள் அந்த ஒலியைக் கேட்டு ஏதோ கழன்றுவிட்டது என்று பதறுகிறார்கள். எனக்கு அந்த ஒலி இல்லாவிட்டால்தான் சந்தேகம் வரும்: கீலுக்குள் ஈயம் ஓடி அடைத்துவிட்டதா என்று பார்ப்பேன். ஈயம் வைக்கும் முன் கீலில் ஒரு துளி எண்ணெய் இட்டால் அது உள்ளே புகாது.

நடுச்சட்டத்துக் கம்பியின் தடிமனை மாற்றும்போது நிதானம் வேண்டும். முறுக்கத்தை எதிர்க்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. 0.047 அங்குலத்திலிருந்து 0.055க்குப் போவது கண்ணுக்கு ஒன்றுமில்லாத வேறுபாடு. ஆனால் விறைப்பு ஏறக்குறைய 1.9 மடங்காகிறது. ஆகவே நான்கு கம்பிகளையும் ஒருசேர மாற்றாமல், ஒரு ஜோடியை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்கிறேன். பியானோ கம்பியைச் சிறிய வெட்டுக்குறட்டால் நறுக்க வேண்டாம். குறட்டின் வாய் உடைந்து தெறிக்கும். வெட்டுச் சக்கரமும் கண்ணாடியும் கட்டாயம்.

ஈசூன் நண்பரின் மூக்குத் தள்ளலுக்கு வருகிறேன். கம்பியைக் குற்றம் சொல்வதற்கு முன் கைடின் உயரத்தைப் பாருங்கள். முன்சக்கரங்கள் எடையைத் தாங்கத் தொடங்கினால் கைடு பள்ளத்திலிருந்து மேலே எழும், மின்சாரம் எடுக்கும் பிரெய்டும் தடத்தை விட்டு விலகும். சக்கரங்கள் தரையை லேசாகத் தொட்டுச் சுழல வேண்டும், அவ்வளவுதான். கைடின் அடியிலுள்ள மெல்லிய வளையங்களில் ஒன்றைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். வலப்பக்க வளைவில் மட்டும் தள்ளுகிறது என்கிறீர்களே, அப்படியானால் வெளிப்பக்கமாகிய இடப்பக்கத் தட்டின் கீல் வலப்பக்கத்துக் கீலைப் போலவே தாராளமாக ஆடுகிறதா என்பதையும் சோதித்துவிடுங்கள்.

மீண்டும் ஈசூனிலிருந்து

ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. பிடோக் நண்பர் சொன்னபடி பார்த்தேன். கைடின் உயரம் சரியாகத்தான் இருந்தது. இடப்பக்கத் தட்டின் பின்கீலில் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தபோது, குழாயின் வாயில் மயிரிழை அளவுக்கு ஈயம் ஏறி நின்றது. நீள இணைப்புகளை மீண்டும் உருக்கியபோது ஓடியிருக்க வேண்டும். உறிஞ்சும் செப்புப் பின்னலை வைத்து அதை எடுத்துவிட்டேன்; இப்போது இரு தட்டுகளும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. வலப்பக்க வளைவில் தள்ளுவது பெருமளவு குறைந்திருக்கிறது. ஆனால் நேர்ப்பாதையின் முடிவில் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் சற்றுத் துள்ளுகிறது, இது முன்பு இல்லாதது.

அடுத்ததாக, கோணமாக வைத்த மோட்டாரைப் பிடிக்கும் தாங்கிக்கும் பின் ஆக்சில் குழாய்க்கும் நடுவே 0.047 கம்பியில் ஒரு குறுக்குச் சட்டம் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். ஐயா, அந்த இடத்தில் மூன்று இணைப்புகள் விரல் அகலத்துக்குள் நெருங்கி இருக்கின்றன. பழையவற்றை இளக்காமல் நான்காவதை வைக்க, ஈரத்துணி சுற்றிச் சூட்டைத் தடுப்பது போதுமா, அல்லது பட்டறையில் வேறு ஏதாவது முறை இருந்ததா?