வளவு வெயில்: வெளுக்கிறது, ஒளிரவில்லை (எண்ணெய் வண்ணம்)

தூரிகை_12:
செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீட்டு வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), காலை பத்து மணி, 12×16 அங்குல கேன்வாஸ். வெயில் முற்றத்தைத் தாண்டி, பத்தியின் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) சிவப்பு ஆத்தங்குடிக் கல்லில் சாய்வாக விழுகிறது. டைட்டானியம் ஒயிட் ஏற்ற ஏற்ற அந்த இடம் வெளுக்கிறதே தவிர ஒளிரவில்லை. நிழலுக்கு அல்ட்ராமரீன் போட்டால் பத்தியின் மேல்பலகை (கூரையின் அடிப்பக்கம்) செத்த நீலமாகிறது. எங்கே பிசகு?

பத்திநிழல்:
டைட்டானியம் ஒயிட் கலவையைக் குளிர்ச்சியாக்கும், அதாவது நீலப் பக்கம் தள்ளும்; ஆரஞ்சு, சிவப்புப் பக்கம் போனால் சூடு. சிவப்புக் கல்லில் பட்ட வெயில் வெளிறிய ஆரஞ்சுதான். கேட்மியம் ஆரஞ்சும் எல்லோ ஆக்கரும் சம அளவு எடுத்து, ஒயிட்டைக் கொஞ்சமாகச் சேருங்க. அப்புறமும் ஒளிரலைன்னா சுற்றியிருக்கிற நிழலை இரண்டு படி இருட்டாக்குங்க.

மேல்பலகை விஷயம் வேறு. வானத்தைப் பார்க்கிற பரப்பில்தான் நீலம் சேரும்: முற்றத்துத் தரையின் நிழல் பகுதி, தூணின் முற்றத்துப் பக்கம். மேல்பலகை தரையைப் பார்த்து இருக்கு. அதுக்கு வர்றது சிவப்புக் கல்லில் பட்டுத் திரும்புற வெளிச்சம். அங்கே பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) முதல், அல்ட்ராமரீன் அதை அடக்குற அளவுக்கு மட்டும். வெயில் திட்டுக்கு நேர் மேலே அதிகச் சூடு, உள்ளே போகப் போகத் தணியணும்.

ஓட்டுவிளிம்பு:
ஒயிட் பற்றி ஒரு திருத்தம்: சுண்ணாம்புச் சுவரில் நேர் வெயில் பட்டால் ஒயிட் தாராளமாக வேண்டும், துளி ஆக்கரோடு.

ஓரங்களையும் பாருங்கள். சூரியன் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம். அதனால் மறைக்கும் பொருள் தள்ளிப்போகும் ஒவ்வொரு மீட்டருக்கும் நிழலின் ஓரம் ஏறக்குறைய 1 செ.மீ. கலங்கும். ஓட்டு விளிம்பு 4 மீட்டர் தள்ளி இருந்தால் 4 செ.மீ.; சாய்ந்து விழும் வெயிலில் இன்னும் கூடும். தூணடியில் மட்டும் கூர்மை. எல்லா ஓரத்தையும் ஒரே கூர்மையாக இழுத்தால் தரையில் காகிதம் ஒட்டியது போலிருக்கும்.

போன் படத்தைப் பார்த்து வரைகிறீர்களா? ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (போன் தானாக நிறத்தைச் சரிசெய்வது) படத்தின் சூடு-குளிர்ச்சியை மாற்றிவிடும். அதை 5500 கெல்வினில் (பகல் வெயிலுக்கான அளவு) நிறுத்தி மறுபடி எடுங்கள்.

தூரிகை_12:
போன் படம்தான். தூசியில் தெரியும் ஒளிக்கற்றையை எப்படிப் போடுவது?

பத்திநிழல்:
கீழ்ப்பூச்சு நல்லா காய்ஞ்ச பிறகு. ஈரத்தில் தேய்ச்சா சேறாகிடும். உலர்ந்த தூரிகையில் வெளிர் வண்ணத்தைத் துளியளவு எடுத்து லேசாகத் தேயுங்க. இருட்டு மேல் மெல்லிசா வெளிர் பூச்சு போட்டால் நீலம் தட்டும். அதனால் ஆக்கரைக் கண்ணுக்குச் சரின்னு படுறதை விடக் கூடுதலாகச் சேர்க்கணும். கற்றைக்குப் பின்னால் இருக்கிற இருட்டு மட்டும் வெளிறினால் போதும், வெளிச்சமான சுவரைத் தொடாதீங்க. கற்றையின் சாய்வு ஓட்டு விளிம்பையும் தரையிலுள்ள வெயில் திட்டின் ஓரத்தையும் சேர்க்கும் கோட்டிலேயே இருக்கணும்.