சென்னையின் எஃப்சி: ஆள் எடுக்கத் தெரியவில்லையா, எடுத்த ஆளை வைத்துக்கொள்ளத் தெரியவில்லையா?

வேளச்சேரி நீலம்

2024-25 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) சீசனை 11ஆவது இடத்தில் முடித்ததிலிருந்து எங்கே போனாலும் ஒரே பேச்சு, "நம்ம கிளப்புக்கு ஆள் எடுக்கவே தெரியாது" என்று. இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2014இலிருந்து ஒரு சீசன் விடாமல் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், ஐஎஸ்எல்லில் இந்திய வீரர்களை நம்மைவிடச் சரியாகக் கண்டுபிடித்த கிளப்புகள் குறைவு. முதல் வருடமே ஜெஜே. 2016இல் ஜெர்ரி லால்ரின்சுவாலா, வந்த வேகத்தில் சீசனின் சிறந்த இளம் வீரர் விருது. அதே வருடம் டேராடூன் பையன் அனிருத் தாபா. 2019இல் விஷால் கைத், சாங்தே, தீபக் டாங்ரி. இவர்களை எடுத்த கண்ணை எப்படிக் குறை சொல்வது?

பிரச்சினை அடுத்த கட்டத்தில். இவர்களில் ஒருவர்கூட இன்று நம்மிடம் இல்லை. ஜெஜேவைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் நல்ல வயதில் போனார்கள்.

கோல்கிக்

அண்ணா, பட்டியல் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நல்லதாக அமைந்த ஆறு பெயர்களை மட்டும் எடுத்து வைத்தால் எந்தக் கிளப்பும் அறிவாளி கிளப்தான். 2015 ஏலத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? மொத்தம் பத்துப் பேர் ஏலத்துக்கு வந்தார்கள். சேத்ரியை மும்பை 1.20 கோடிக்கு எடுத்தது, யூஜின்சன் லிங்டோவை புனே 1.05 கோடிக்கு எடுத்தது. நாம் தோய் சிங்குக்கு 86 லட்சம், கோல்கீப்பர் கரண்ஜித்துக்கு 60 லட்சம். தோய் நல்ல உழைப்பாளி, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏலத்தின் மிகப் பெரிய விலைகளில் ஒன்றைக் கொடுத்து வாங்கிய வீரர் எத்தனை ஆட்டங்களை நமக்காகத் திருப்பினார்?

2015 கோப்பையை வாங்கிக் கொடுத்தது மென்டோசா. 13 கோல், அதிக கோலுக்கான தங்கக் காலணி. கூட எலானோ, பெலிசாரி. அன்று மைதானத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம் என்ற விதி இருந்ததால் இந்திய வீரர் தேர்வில் செய்த தவறு வெளியே தெரியவே இல்லை.

வேளச்சேரி நீலம்

தம்பி, அந்த இறுதி ஆட்டத்தை நான் எப்படிப் பார்த்தேன் தெரியுமா? டிசம்பர் 20. வெள்ளம் வடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருந்தது, மெத்தையெல்லாம் தெருவில். வெள்ளத்தால் நம் அரையிறுதியையே புனேவில் ஆட வேண்டியிருந்தது நினைவிருக்கும். மேல்வீட்டுக்காரர் டிவியில் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். 87ஆவது நிமிடம் கோவா 2-1. சிலர் எழுந்து போய்விட்டார்கள். 90இல் கட்டிமணி கையில் பட்டு சொந்த கோல், அடுத்த இரண்டாவது நிமிடம் மென்டோசா. அந்தத் தெரு அந்த மாதத்தில் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதனால் மென்டோசாவின் பங்கைக் குறைக்க எனக்கு வாய் வராது. ஆனால் கரண்ஜித்தை நீ லேசாகத் தள்ளுகிறாய். 2017 டிராஃப்டுக்கு (கிளப்புகள் முறை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முன்னால் ஒவ்வொரு கிளப்பும் இரண்டு மூத்த வீரர்களை வைத்துக்கொள்ளலாம் என்றபோது நாம் வைத்துக்கொண்டது ஜெஜேவையும் கரண்ஜித்தையும். அந்த சீசன் கோப்பை நமக்கு. 2015இல் கொடுத்த 60 லட்சத்துக்கு 2018இல் பலன் கிடைத்தது. ஒரு தேர்வை அந்த வருடத்தோடு எடை போட்டு முடித்துவிட முடியாது.

தூத்தூர் அலை

இருவரும் பெரிய விஷயத்தைத் தொடவே இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் கடற்கரையில் பந்து உருளாத மாலை கிடையாது. எங்கள் தூத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், அதே சென்னை நகரத்தின் இன்னொரு கிளப்பான சென்னை சிட்டியில் ஆடி, ஐ-லீக் என்ற மற்றொரு தேசிய லீக்கையே திரும்பிப் பார்க்க வைத்தார். எங்கே போனார்? 2018இல் ஜாம்ஷெட்பூர். அடுத்த வருடம் கொல்கத்தாவின் ஏடிகே. 2020 இறுதியில் நம்மை 3-1 என்று வென்ற அணியின் ஆள் அவர். நந்தகுமார் சேகர் அசல் சென்னைப் பையன். 2017 டிராஃப்டில் டெல்லி எடுத்துக்கொண்டு போனது. ஒடிசாவோடு சூப்பர் கப் வென்றார், ஈஸ்ட் பெங்கால் போய் 2023 டூரண்ட் கப் டெர்பியில் மோகன் பகானை வீழ்த்திய கோல் போட்டார். சிவகங்கை மாவட்டத்துச் சிவசக்தி பெங்களூருவில் ஆடி 2022-23இன் சிறந்த இளம் வீரர்.

மூன்று பேர். மூன்று பேருமே தமிழ்நாட்டில் விளைந்தவர்கள். மூன்று பேரும் நமக்கு எதிராக ஆடினார்கள். இதைத் தேர்வுக் கோளாறு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

கோல்கிக்

தூத்தூர் நண்பர் சொல்வதில் பாதி சரி. ஆனால் ஊர்ப்பாசத்தை வைத்து டிராஃப்ட் நடத்த முடியாது. ஜெஜே, ஜெர்ரி, சாங்தே மூன்று பேரும் மிசோரம். நம் கிளப் வரலாற்றில் மிசோரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எவ்வளவு? உள்ளூர்க்காரர்களையே எடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. தன்பால் கணேஷ் யார்? எட்வின் சிட்னி வான்ஸ்பால் எந்த ஊர்? நெய்வேலி. ஐ-லீக் வென்ற சென்னை சிட்டி அணியிலிருந்து 2019இல் நேராக நம்மிடம்தான் வந்தார்.

தூத்தூர் அலை

எட்வின் வந்தது 2019. அதற்கு முன்னால் ஐந்து வருடம்?

2017 தொடக்கத்தில் சென்னை சிட்டி இதே நேரு மைதானத்தில்தான் ஐ-லீக் ஆடியது. நான் அப்போது சென்னையில் வேலை. மாலை ஆட்டம், சில நூறு பேர்தான் இருந்திருப்போம், பந்தை உதைக்கிற சத்தம் மேல் வரிசை வரைக்கும் கேட்கும். நந்தகுமார் இடது ஓரத்தில் பந்தை வாங்கி, டிஃபெண்டரை ஒரு நொடி நிற்க வைத்து, வலது காலுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே வெட்டி வருவார். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "இவன் அடுத்த வருஷம் இங்கேயே சென்னையினுக்கு ஆடுவான் பாரு" என்றார். அதே மைதானம், அதே புல். ஊர் ஊராகத் தேட வேண்டிய செலவுகூட இல்லை, மாடியிலிருந்து எட்டிப் பார்த்திருந்தால் போதும். நான் கேட்பது பாசத்துக்காக இல்லை. அடுத்த வீட்டுப் பையனையே பார்க்காத கண், ஐஸ்வாலில் இருப்பவனை எப்போதும் சரியாகப் பார்க்கும் என்று எப்படி நம்புவது?

வேளச்சேரி நீலம்

நந்தகுமார் விஷயத்தில் எனக்கும் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் 2017 டிராஃப்டை அந்த நாளில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரை வைத்துக்கொண்டதால் முதல் சுற்றுகளில் நம் முறையே வரவில்லை. அனாஸை முதல் ஆளாக ஜாம்ஷெட்பூர் 1.10 கோடிக்குத் தூக்கியது. பெரிய பெயர்கள் கரைந்த பிறகுதான் நாம் மேசைக்கு வந்தோம். அதில் தோயைத் திரும்ப எடுத்தோம், தன்பால் கணேஷை எடுத்தோம், ஜெர்மன்பிரீத், பிரான்சிஸ் பெர்னாண்டஸ், முகமது ரஃபி என்று வரிசையாகச் சேர்த்தோம். பத்திரிகைகளில் பெரிதாக ஒளிராத பட்டியல்.

அந்த சீசனில்தான் வெளிநாட்டவர் எண்ணிக்கையை ஆறிலிருந்து ஐந்தாகக் குறைத்தார்கள். அதாவது ஆறு இந்தியர் கட்டாயம். அந்த ஆறு பேரின் தரம்தான் கோப்பையைத் தீர்மானிக்கும் என்ற நிலையில், அந்தப் பட்டியலை வைத்துத்தான் பயிற்சியாளர் கிரெகரி வென்றார். கோவாவோடு அரையிறுதி, நேரு மைதானம், 26ஆவது நிமிடம் ஜெஜே, 29ஆவது நிமிடம் கணேஷ். ஊர்ப் பையன் ஊர் மைதானத்தில் போட்ட கோல். பின் வரிசையில் யாரென்றே தெரியாத ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டு கத்தினார், காது இரண்டு நாள் அடைத்திருந்தது. 3-0. அப்புறம் கண்டீரவா மைதானத்தில் இறுதி ஆட்டம், மாயில்சன் இரண்டு, அகஸ்டோ ஒன்று, பெங்களூருவை அவர்கள் வீட்டிலேயே 3-2.

கோல்கிக்

அண்ணா, கதையை அங்கே நிறுத்தாதீர்கள். அடுத்த சீசன் 18 ஆட்டம், 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். ஏறக்குறைய அதே இந்தியப் பட்டியல்தானே? மார்ச்சில் சாம்பியன் ஆன பட்டியல் அடுத்த மார்ச்சில் கடைசி என்றால், டிராஃப்ட் சிறந்தது என்பதற்கு அந்தக் கோப்பையை எப்படிச் சாட்சியாகக் கூப்பிடுவீர்கள்? ஒன்று அந்தக் கோப்பையில் அதிர்ஷ்டம் இருந்தது, இல்லாவிட்டால் மேலே நின்ற வெளிநாட்டவர்தான் அந்தப் பட்டியலைத் தாங்கினார்கள்.

பெரம்பூர் பந்து

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். 2018-19 பற்றி ஒரு விஷயம் விட்டுப்போகிறது. கணேஷ் முழங்கால் அடிபட்டு அந்த சீசன் முழுக்க வெளியே. கேப்டன் செரெனோ போய்விட்டார், மாயில்சன் பக்கத்தில் நின்று பின்வரிசையைக் கத்திக் கத்தி நகர்த்திய ஆள் அவர். ஜெஜேவின் கால் ஓய்ந்துகொண்டிருந்தது, அடுத்த வருடம் முழுக்க அவரும் காயத்தில். அணியின் நடுத்தண்டில் மூன்று எலும்பு ஒரே நேரத்தில் போனது. அதில் எதற்கும் மாற்று ஆள் தயாராக இல்லை.

என்னைக் கேட்டால் இதுதான் நம் கிளப்பின் பழைய வியாதி. பதினோரு பேரைத் தேடிப் பிடிப்பார்கள், பன்னிரண்டாவது ஆளை மறந்துவிடுவார்கள். 2021 ஜனவரியில் கிரிவெல்லாரோ காயம் பட்டபோதும் இதே கதை. அந்த சீசன் 20 ஆட்டத்தில் 11 டிரா. கோலுக்கு முன்னால் பந்தைத் திறந்துவிட ஒரே ஒரு ஆளை நம்பி அணி கட்டியதன் விலை அது.

கோல்கிக்

இதை ஏற்கிறேன். செரெனோ இடத்துக்கும் கணேஷ் இடத்துக்கும் ஆள் பார்க்காததும் தேர்வில்தானே வரும்? அப்படியென்றால் என் பக்கம்தான் வலுக்கிறது.

வேளச்சேரி நீலம்

சரி, 2018 கோடைக்காலத்தை விட்டுக்கொடுக்கிறேன். கோப்பை ஜெயித்த மயக்கத்தில் யாரும் கடைக்குப் போகவில்லை, அது பிழைதான்.

ஆனால் 2019ஐ எடுத்துக்கொள். லிதுவேனியா நாட்டு வால்ஸ்கிஸைக் கொண்டு வந்தார்கள், இங்கே யாருக்கும் பெயர்கூடத் தெரியாது, 15 கோல். கிரிவெல்லாரோ. சாங்தே ஏழு கோல். டிசம்பரில் பயிற்சியாளராகக் கோய்ல் வந்தபோது பட்டியலின் அடியில் கிடந்த அணி, இறுதிவரை போனது. அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5. ஆள் சரியாக இருந்ததால்தான் பயிற்சியாளர் மாறியதும் அணி எழுந்தது. ஆள் மோசம் என்றால் எந்தப் பயிற்சியாளராலும் ஆகாது.

அப்புறம் நடந்தது என்ன? கோய்லும் வால்ஸ்கிஸும் அப்படியே ஜாம்ஷெட்பூர். 2021இல் டாங்ரி மோகன் பகான் பக்கம். 2022 ஜனவரியில் சாங்தே மும்பைக்கு. அந்தக் கோடையில் கைத்தும் போனார், ஜெர்ரியும் போனார். 2023இல் தாபா. நடுவில் 2021-22இலிருந்து விதி மாறி மைதானத்தில் ஏழு இந்தியர் கட்டாயம். அதாவது இந்திய வீரரின் மதிப்பு ஏறிய அதே நேரத்தில் நாம் நம் இந்திய வீரர்களை ஒவ்வொருவராக வழியனுப்பினோம். 2020-21 முதல் 2022-23 வரை மூன்று சீசனும் 8ஆவது இடம்.

போனவர்கள் என்ன ஆனார்கள்? சாங்தே 2022-23இன் சிறந்த வீரர், தங்கப் பந்து. அதே சீசனில் கைத் சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை, கோப்பை. தாபா போன முதல் வருடமே மோகன் பகானோடு லீக் ஷீல்டு (லீக் பட்டியலில் முதலிடத்துக்கான பரிசு), அடுத்த வருடம் ஷீல்டும் கோப்பையும். கைத் கையுறையை மாட்டிக்கொண்டு கோப்பையைத் தூக்கியதை டிவியில் பார்த்தபோது, இவர் பந்தைப் பிடித்ததும் கையால் வீசித் தாக்குதலைத் தொடங்குவதை முதன்முதலில் நம் கோல்போஸ்ட்டின் பின்னால் நின்று பார்த்தவன் நான் என்று நெஞ்சு அடைத்தது.

கோல்கிக்

சாங்தேவை நல்ல தேர்வு என்று நீங்கள் எழுதுவது எனக்கு ஒட்டவில்லை. நம்மிடம் இருந்த கடைசி இரண்டு வருடம் அவர் எப்படி ஆடினார் என்று நினைத்துப் பாருங்கள். பந்தோடு ஓடுவார், கடைசி பாஸ் வராது. ஸ்டாண்டில் நாமே திட்டினோம். மும்பை போனதும் அதே கால் வேறு மாதிரி ஆனது. ஆளைக் கண்டுபிடிப்பது ஒன்று, அவருக்கு ஏற்ற ஆட்டத்தைக் கொடுப்பது வேறு. நம்மிடம் 2020க்கும் 2023க்கும் இடையில் லாஸ்லோ, பண்டோவிச், பிர்டாரிச் என்று வருடத்துக்கு ஒரு பயிற்சியாளர். ஒருவர் கேட்ட ஆளை அடுத்தவர் பெஞ்சில் வைப்பார். இதில் எந்தத் தேர்வு நல்லது, எது கெட்டது என்று எப்படிப் பிரிப்பது?

கைத் விஷயத்தில் மட்டும் உங்களோடு நிற்கிறேன். நல்ல கோல்கீப்பர் பத்து வருடச் சொத்து, அதை விட்டிருக்கக் கூடாது.

தூத்தூர் அலை

மோகன் பகான் கொடுக்கிற பணத்தை நம்மால் கொடுக்க முடியாது என்று அடுத்து யாராவது எழுதுவார்கள், அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். முடியாதுதான். அதனால்தான் உள்ளூர்ப் பையன்களைப் பற்றிக் கத்துகிறேன். கொல்கத்தா கூப்பிட்டால் டேராடூன் பையன் போவான், தப்பே இல்லை. அம்மா சமைத்த மீன்குழம்பைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து ஸ்டாண்டில் உட்கார்ந்து பார்க்கிற ஊரில் ஆடுகிறவனும் போகலாம். ஆனால் அவன் இரண்டு தடவை யோசிப்பான். அந்த யோசனை நமக்கு ஒரு ஒப்பந்தக் காலம்.

பெரம்பூர் பந்து

கணேஷ் அப்படித்தான் இருந்தார். முழங்கால் போன பிறகும் இங்கேயே நின்று திரும்பி வரப் பார்த்தார்.

வேளச்சேரி நீலம்

தூத்தூர் தம்பி, நந்தகுமாரை 2017இல் விட்டது பிழை என்று எழுதிக்கொள்கிறேன். 2023இல் ஒடிசாவிலிருந்து அவர் வெளியே வந்தபோது மறுபடியும் ஒரு வாசல் திறந்தது, அப்போதும் ஈஸ்ட் பெங்கால்தான் கூட்டிக்கொண்டு போனது. முதல் தடவை கண் தவறியது என்று விடலாம், இரண்டாம் தடவைக்கு என்னிடம் பதில் இல்லை.

கைத்தையும் தாபாவையும் விட்டதற்கும் இல்லை.