மோட்டார் டிரைவர்: இயக்கியா, வலவனா, மதகா?

வணக்கம். 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கான செய்முறைக் கையேடு நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. எல்298என் என்ற மோட்டார் டிரைவர் பலகையை மின்கலத்தோடும், நிரல்படி கட்டளையிடும் ஆர்டுயினோவோடும் இணைக்கும் பக்கம் மட்டும் பாக்கி. 'மோட்டார் டிரைவர்' என்பதற்கு 'மோட்டார் இயக்கி' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

*

இயக்கி வேண்டாம். அச்சுப்பொறிக்குக் கணினியில் நிறுவும் மென்பொருளும் இயக்கி. சிலம்பில் மாதரி பால்மடை கொடுத்ததும் இயக்கி என்ற பெண் தெய்வத்துக்குத்தான்! புறநானூறு 27இல் 'வலவன் ஏவா வான ஊர்தி' என்று வருகிறதே, அந்த வலவன், அதாவது தேரோட்டி, சும்மா கிடக்கிறான். வல்லமையால் வந்த பெயரா, வலப்பக்கத்தால் வந்ததா என்பது பெரிய கதை. விரிவாக எழுதுகிறேன்.

*

ஐயா, கொஞ்சம் பொறுங்கள். வலவன் முடிவெடுப்பவன், இந்தப் பலகை எதையும் முடிவெடுப்பதில்லை. ஆர்டுயினோ ஊனோவின் ஒரு முனையிலிருந்து 20 மில்லிஆம்பியர் எடுக்கலாம். மோட்டாருக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்தச் சின்னச் சைகைக்குப் பலகை மின்கலத்தின் மின்னோட்டத்தைத் திறந்துவிடுகிறது, ஒரு தடத்துக்கு 2 ஆம்பியர் வரை. தேர்ப்பாகன் ஆர்டுயினோதான். இது மதகு.

*

மதகு தண்ணீரைத் திருப்பி ஓட்டுமா? இது மோட்டாரை முன்னும் பின்னும் சுழற்றும் எச்-பாலம் என்ற மின்சுற்று. பிள்ளை கடையில் போய் மதகு கேட்டால் சிரிப்பார்கள். 'டிரைவர்' என்றே விடுங்கள்.

எனக்குக் கவலை வேறு. வரைவில் ஜிஎன்டி (கிரவுண்ட்) முனை 'புவி முனை' என்றிருக்கிறது. மின்கலத்தில் ஓடும் வண்டிக்குப் புவி எங்கே? பிள்ளை சுவர் பிளக்கில் எர்த்தைத் தேடும். 'பொதுமுனை' என்று எழுதி, பலகையுடையதையும் ஆர்டுயினோவுடையதையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் சைகை சைகையாகவே இராது. 12 வோல்ட்டுக்கு மேல் கொடுப்பவர்கள் 5 வோல்ட் சீராக்கியின் ஜம்பரை (இரு ஊசிகளை இணைக்கும் சிறு மூடியை) கழற்ற வேண்டும் என்ற வரியையும் காணவில்லை.

*

பொதுமுனைக்கு என் வாக்கு. ஆனால் இன்று டிரைவர் என்றால் நாளை 'டிரைவ் பண்ணவும்' என்று எழுத வேண்டிவரும். 'செலுத்தி' எப்படி? வினையும் கூடவே கிடைக்கிறது.

*

6 வோல்ட் கொடுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 2 வோல்ட்டைப் பலகையே தின்றுவிடும். செலுத்தி இல்லை, விழுங்கி.

*

நேரமில்லை. 'மோட்டார் இயக்கி', முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'டிரைவர்'. பொதுமுனையும் ஜம்பர் வரியும் சேர்த்தாயிற்று. கோப்பு போய்விட்டது. நன்றி.

*

போனது போகட்டும். வலவனுக்குத் தனி இழை தொடங்குகிறேன்.